இதுக்குப் போய் ஒரு ஆளா?

வீட்டில் குழாய் ஒழுகினால் குழாய்க்காரரைக் கூப்பிடுகிறவர்கள் ஒரு ரகம். ஒழுகினால் ஒழுகட்டும் என்று அடியில் ஒரு வாளியை வைத்துவிட்டுப் படுக்கப் போகிறவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டு ரகத்தாராலும் ஊருக்கு ஒரு கெடுதலும் இல்லை. நான் சொல்ல வந்தது மூன்றாவது ரகத்தைப் பற்றி. குழாய் ஒழுகுகிறது என்று காதில் விழுந்ததுமே இவர் முகத்தில் ஒரு பிரகாசம் வரும். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டுவார். இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றி, குழாயை ஏற இறங்கப் பார்ப்பார். மூக்கால் ஒரு சிரிப்புச் சிரிப்பார். பிறகு அந்த மந்திரத்தை உச்சரிப்பார்:

"இதுக்குப் போய் ஒரு ஆளா?"

அவ்வளவுதான். அன்று சாயங்காலத்துக்குள் மாடி வீட்டுக்காரருக்கும் தண்ணீர் நின்றுவிடும்.

இவரைக் கண்டுபிடிக்க நீங்கள் சிரமப்பட வேண்டாம். அவர் வீட்டுக்குப் போனாலே போதும். வாசற்கதவைத் தள்ளினால் திறக்காது. லேசாகத் தூக்கி, வலது தோளால் ஓர் இடி இடிக்க வேண்டும். கூடத்து விளக்குக்குச் சமையலறையில் சுவிட்ச் இருக்கும். சுவரில் அடித்த பலகையில் வைத்த பென்சில் மெதுவாக உருண்டு இடது பக்கமாகக் கீழே விழும். "அந்த நாற்காலி வேண்டாம், இதுல உக்காருங்க" என்று வீட்டு அம்மாள் பதறிக்கொண்டு ஓடி வருவார். மேசை இழுப்பறையைத் திறந்தால் ஒரு டப்பா நிறைய ஸ்குரூ இருக்கும். அவர் பிரித்துப் பூட்டிய ஒவ்வொரு சாமானிலும் மிஞ்சியவை. ஏன் மிஞ்சின என்று ஒருநாளும் அவர் கவலைப்பட்டதில்லை. "கம்பெனிக்காரன் தேவையில்லாம நாலு அதிகமா போட்டிருக்கான்" என்பது அவர் தீர்ப்பு.

மந்திரத்துக்கு அடுத்து அவருக்கு இன்னும் இரண்டு வாக்கியங்கள் உண்டு. ஒன்று, "வீடியோ பாத்துட்டேன்." மற்றது, "சும்மா இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க." முதலாவதைக் கேட்டால் நீங்கள் சிரிக்கலாம். இரண்டாவதைக் கேட்டால் ஓடிவிட வேண்டும். எனக்கு அந்த வசதி இல்லை. ஏனென்றால் அவர் என் தங்கையின் கணவர். எங்கள் வீட்டு மாப்பிள்ளை. குடியிருப்பது எனக்கு அடுத்த கட்டடம். ஏணியை, கம்பியை, குழாயை, ஒருமுறை மின்சார வயரின் ஒரு முனையைக்கூட நான் அவருக்காகப் பிடித்திருக்கிறேன். பிடித்த கையில் இன்றும் மயிர் முளைக்கவில்லை.

ஆனால் அவரை முழுசாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் வேன் கதையைத்தான் கேட்க வேண்டும்.

என் தங்கை ஒரு பெரிய ஹோட்டலில் கேக் பிரிவில் வேலை செய்தவள். ஹோட்டல் கைமாறியதும் புது முதலாளி கேக் பிரிவை மூடிவிட்டு, வெளியே வாங்கிக்கொள்ளலாம் என்று முடிவு செய்துவிட்டார். வீட்டிலிருந்தபடியே கேக் செய்து விற்கிறேன் என்று இவள் கிளம்பினாள். கிளம்பிய வேகத்திலேயே ஒரு பெரிய கல்யாண மண்டபத்து மேனேஜரைப் பார்த்துப் பேசி, ஒரு கல்யாண ஆர்டரும் வாங்கிவிட்டாள். அது நன்றாக அமைந்தால் மண்டபத்தில் நடக்கிற கல்யாணங்களுக்கெல்லாம் இவளையே கூப்பிடுவதாக அவர் சொல்லியிருந்தார். கேக் கொண்டுபோக ஒரு பழைய வேனையும் வாங்கினாள். ரொட்டிக் கம்பெனியில் ஓடி ஓய்ந்த வண்டி. பின்பக்கம் முழுவதும் அலுமினியத் தகட்டுப் பெட்டி. அந்தத் தகடுகளைப் பிடித்து வைத்திருப்பவை ரிவிட்டுகள். மேலிருந்து கீழ் வரை வரிசை வரிசையாக, குளிரில் நிற்கிறவன் தோலில் மயிர்க்கூச்செறிந்தது போல, பொடிப் பொடியாக மொட்டைத் தலைகள்.

வண்டியின் மேல் இளஞ்சிவப்பு வினைல் ஸ்டிக்கர் போர்த்தி, அரக்கு நிறத்தில் பெரிய எழுத்தாக ஒரு பக்கம் 'திருமண கேக்குகள்' என்றும் மறுபக்கம் 'பல வகை கேக்குகள்' என்றும் போட வேண்டும் என்பது அவள் ஆசை. மண்டபத்து வாசலில் வண்டி நின்றால், வருகிற போகிறவர்கள் கண்ணில் படுமே! அச்சடித்த ஸ்டிக்கர் சுருளை வாங்க நாங்கள் மூவரும் ஸ்டிக்கர்காரர் கடைக்குப் போனோம். அவர் வெளியே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"விட்டுட்டுப் போங்க. ஒட்டித் தரேன்."

"ஒட்டுறதுக்கா?" என்றார் மாப்பிள்ளை. இடுப்பில் கை ஏறிவிட்டது. "இதுக்குப் போய் ஒரு ஆளா?"

"தட்டையான வண்டின்னா நானே சொல்லுவேன், நீங்களே ஒட்டிக்கோங்கன்னு. இது ரிவிட் வண்டி சார். ஒவ்வொரு ரிவிட்டும் ஒரு மாமியார் மாதிரி. தனித்தனியா உக்காந்து சமாதானம் பண்ணணும்."

"ஒரு மாமியாரையே சமாளிச்சவன் நான்" என்றார் மாப்பிள்ளை.

அந்த மாமியார் என் அம்மா. யாரை யார் சமாளித்தார்கள் என்பது எங்கள் குடும்பத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

என் தங்கை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சுருள் மாப்பிள்ளை தோளில் ஏறிவிட்டது. "நீ கேக்கைப் பாரு. வண்டியை நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார். எவ்வளவு பெருந்தன்மை!

அன்றைக்கே வீடியோ பார்க்கப்பட்டது. யாரோ ஒருவர், என்ன மொழியோ, வாயே திறக்காமல், ஒரு பாட்டு ஓடி முடிவதற்குள் ஒரு முழு வேனுக்கும் சட்டை போட்டுவிடுகிறார். "பாத்தீங்களா மச்சான்? அரை மணி நேர வேலை" என்றார்.

"ரிவிட்டுக்கு என்ன பண்றாரு மாப்ளே?"

"அது நடுவுல வந்துச்சு. ஒரு ரிவிட்டு, அப்புறம் இன்னொரு ரிவிட்டு, அப்புறம் இன்னொண்ணு. ஒரே மாதிரியே இருந்துச்சு. தள்ளிவிட்டுப் பாத்தேன்."

கவனித்தீர்களா? எந்த ஒரு விஷயத்துக்காக அந்த வீடியோவை எடுத்தார்களோ, அந்த ஒரு விஷயத்தைத் தள்ளிவிட்டுப் பார்த்திருக்கிறார். இது இந்த இனத்துக்கே உரிய அபூர்வமான திறமை. பரீட்சைக்கு முன்னால் புத்தகத்தின் அட்டையை இரண்டு தடவை படித்துவிட்டுப் போகிறவர்கள் இவர்கள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை கட்டட வாசலில் வேலை ஆரம்பமானது. முதலில் வண்டியைத் துடைக்க வேண்டும் அல்லவா? துடைத்தார். சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போடும் துணியால் துடைத்தார். "பளபளன்னு இருக்கு பாருங்க" என்றார். எண்ணெய் பட்டால் எதுவும் பளபளக்கத்தான் செய்யும். அடுத்து ஸ்டிக்கரின் பின்தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்துக்கொண்டே ஒட்ட வேண்டும் என்று சுருளின் மேலேயே படம் போட்டிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வதற்கு அவர் என்ன சாதாரண ஆளா? ஒரே இழுப்பில் முழுத்தாளையும் உரித்துப் போட்டார்.

"மச்சான், சும்மா இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க."

பிடித்தேன். காற்று அடித்தது. ஸ்டிக்கர் ஒரு மூலையில் தன்னோடு தானே ஒட்டிக்கொண்டது. இன்னொரு மூலையில் என் சட்டையோடு ஒட்டிக்கொண்டது. நடுவில் பறந்துபோன ஒரு பிளாஸ்டிக் பையையும் வாரி அணைத்துக்கொண்டது. ஒட்டாத இடம் வண்டி ஒன்றுதான். என்னை அதிலிருந்து பிய்த்தெடுத்து, பையைப் பிய்த்தெடுத்து, ஒருவழியாக வண்டியின் மேல் சாத்தினோம். பிறகு மாப்பிள்ளை இழுக்க ஆரம்பித்தார். மேலே ஒரு இழுப்பு, கீழே ஒரு இழுப்பு, பக்கவாட்டில் காலை ஊன்றி ஒரு இழுப்பு. மத்தளத்துக்குத் தோல் கட்டுவது போல இழுத்து, பிளாஸ்டிக் தேய்ப்பானால் தேய்த்துவிட்டு, தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தார்.

உண்மையைச் சொல்ல வேண்டும். தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் வண்டி நன்றாகத்தான் இருந்தது. தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் நானும் அழகன்தான். கிட்டே போனால், ஒவ்வொரு ரிவிட்டின் தலையிலும் ஸ்டிக்கர் ஒரு சின்னக் கூடாரம் போட்டு நின்றது. உள்ளே காற்று.

"இதெல்லாம் உள்ள படியுமா மாப்ளே?"

"வெயில் பட்டா தானா படிஞ்சிடும்" என்றார். பிறகு, தானாகப் படிகிறதைப் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுமை இல்லாமல், கட்டை விரலால் ஒரு கூடாரத்தை அழுத்தினார்.

பட்.

ஸ்டிக்கரைக் கிழித்துக்கொண்டு ரிவிட் தலை வெளியே எட்டிப் பார்த்தது. நீங்களாயிருந்தால் அங்கே நிறுத்தியிருப்பீர்கள். இவர் அடுத்ததை அழுத்தினார். பட். அதற்கு அடுத்தது. பட். "இது வேற மாதிரி அழுத்திப் பாக்கறேன்" என்று நாலாவது. பட். இரண்டு பக்கமும் வரிசை முடிகிற வரைக்கும் ஒவ்வொன்றையும் வேறு வேறு மாதிரி அழுத்திப் பார்த்து, எல்லாவற்றிலும் ஒரே பலனைக் கண்டார். நடுவில் தங்கையின் ஹேர் டிரையரை எடுத்து வந்து ஊதினார். அது கூந்தலைக் காய வைக்கப் பிறந்த கருவி. கொஞ்ச நேரம் கூந்தல் இல்லாத இடத்தில் ஊதிப் பார்த்துவிட்டு, கருகிய வாசனையோடு ஓய்ந்தது.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை உதித்தது. இந்த இனத்தாருக்கு யோசனை உதிக்கும்போது தலை லேசாக ஒரு பக்கம் சாயும். சமையலறைக்குப் போய், தங்கை பிஸ்கட் மாவு வெட்டுகிற வட்ட அச்சுகளில் ஆகச் சின்னதை எடுத்து வந்தார். சுருளின் ஓரக் கரையாக மிஞ்சியிருந்த அரக்கு நிற ஸ்டிக்கரில் குட்டி வட்டங்களாக வெட்டினார். கிழிந்த ஒவ்வொரு ரிவிட் தலையிலும் ஒரு வட்டம். பொட்டு வைப்பது போல அப்பி அப்பி வைத்தார்.

தங்கை மாவு அப்பிய கையோடு வெளியே வந்து பார்த்தாள்.

"என்னங்க, வண்டிக்கு அம்மை போட்டிருக்கா?"

"டிசைன்மா. புள்ளி வச்சா குழந்தைங்களுக்குப் பிடிக்கும்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் என் சட்டையைப் பார்த்தேன். உள்ளே மூன்றடுக்குக் கேக் பாதியில் நின்றது. சண்டை போட அவளுக்கு நேரமில்லை, உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை கேக்கை வண்டிக்குள் ஏற்றி, அது ஆடாமல் பிடித்துக்கொள்ள என்னையும் பின்னால் ஏற்றினார்கள். "சும்மா கொஞ்சம் பிடிச்சுக்கோங்க மச்சான்." பெரிய சாலைக்கு வந்து வண்டி வேகம் எடுத்ததும் வெளியே ஒரு சத்தம் ஆரம்பித்தது. படபட, படபட என்று யாரோ ஒரு பெரிய துணியை உதறுவது போல.

"என்னங்க அது?" தங்கையின் குரல் முன்னாலிருந்து கேட்டது.

"ஒண்ணுமில்ல. காத்து."

"காத்து எதை அடிக்குது?"

"அதைத்தான் பிடிச்சுக்கிட்டிருக்கேன்ல!"

மண்டபத்தில் இறங்கிப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. எண்ணெய் பூசிய தகட்டில் ஸ்டிக்கர் எத்தனை நேரம் ஒட்டிக்கொண்டிருக்கும்? முன்னோரம் பிய்ந்து கொடி போலப் பறந்திருக்கிறது. மாப்பிள்ளை ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, இன்னொரு கையை ஜன்னல் வழியாக வெளியே நீட்டி, தன் வண்டியைத் தானே அணைத்துக்கொண்டு வழி முழுக்க ஓட்டி வந்திருக்கிறார்.

வாசலில் பட்டுப்புடவையில் கல்யாணப் பெண்ணின் அம்மா நின்றிருந்தார். பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். பக்கத்தில் மேனேஜர். டீச்சர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வண்டியைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

"ஏம்மா, அது என்ன 'திருமண் கேக்குகள்'? மண்ணுலயா செய்றீங்க?"

எங்கள் மூன்று பேருக்கும் அப்போதுதான் கண் திறந்தது. 'திருமண' என்பதில் 'ண'வின் தலைக்கு நேர் மேலே, அளவெடுத்து வைத்தது போல, அரக்கு நிறத்தில் ஒரு வட்டம். மாப்பிள்ளை வைத்த பொட்டுகளில் ஒன்று.

"இல்லைங்க டீச்சர், அது திருமணம்தான்" என்றார் மாப்பிள்ளை.

"அப்ப 'ண' மேல எதுக்குப் புள்ளி?"

"அது புள்ளி இல்லைங்க. ரிவிட்டு."

"ரிவிட்டா? அது எந்த இலக்கணத்துல வருது?" டீச்சர் வகுப்பெடுக்கும் குரலுக்கு வந்துவிட்டார். "நல்லா உயிரோட இருந்த எழுத்து. தலையில புள்ளி வச்சா உயிர் போயிடும், வெறும் மெய்தான் மிஞ்சும்னு மூணாம் கிளாஸ் பிள்ளைக்குக்கூடத் தெரியும். என் பொண்ணு கல்யாணத்தன்னிக்கு, வாசல்ல, மண்ணுன்னு எழுதி வண்டியைக் கொண்டாந்து நிறுத்தறீங்களே!"

வண்டியின் மறுபக்கத்தில் 'பல வகை' என்று இருந்த இடத்தில் இன்னொரு வட்டம் விழுந்து 'பல் வகை' ஆகியிருந்ததை நல்லவேளையாக அவர் பார்க்கவில்லை.

மேனேஜர் ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார். "வண்டியைப் பின்பக்கம் கொண்டுபோயிடுங்க. குப்பை எடுக்கிற வண்டி நிக்கும் பாருங்க, அதுக்கு அந்தாண்டை."

இறக்கிய கேக்கின் அடிப்பலகையைப் பிடித்திருந்த தங்கையின் விரல்கள் வெளுத்துப்போனதைப் பார்த்தேன். எந்த வாசலில் நிற்க வேண்டும் என்று அந்த வண்டியை வாங்கினாளோ, அந்த வாசலிலிருந்து அது பின்னால் போனது. போகும்போதும் படபட என்று கைதட்டிக்கொண்டே போனது.

உள்ளே கேக்கை மேசையில் வைத்து மூடியை எடுத்ததும் டீச்சரின் முகம் மாறியது. சர்க்கரை மாவை மெல்லிய விரிப்பாகத் தேய்த்து மூன்றடுக்கின் மேலும் போர்த்தியிருந்தாள். அந்த விரிப்புக்கு அடியில் வரிசை வரிசையாக முத்து வைத்த வேலைப்பாடு. ஒவ்வொரு முத்தும் தனித்தனியாகத் துருத்திக்கொண்டு தெரிந்தது. ஒரு சுருக்கம் இல்லை. ஒரு கிழிசல் இல்லை. பளிங்கில் செதுக்கியது போல இருந்தது.

"எப்படிம்மா இது? இத்தனை மேடு இருக்கு, மேல போர்த்தினது எங்கயுமே தூக்கலையே?" என்று கேட்டார் டீச்சர்.

"இழுக்கக் கூடாதுங்க" என்றாள் தங்கை. "இழுத்தா அப்போதைக்கு நல்லா இருக்கும், அப்புறம் பிளந்துடும். கைச்சூட்டுல இளக வைக்கணும். உள்ள காத்து மாட்டிக்கிச்சுன்னா ஊசியால சின்னதா ஒரு குத்து. காத்துப் போனதும் முத்தைச் சுத்திச் சுத்தி விரலை ஓட்டி, கடைசியாத்தான் அதுக்கு மேல வரணும். நேரா நடுவுல அமுக்கினா கிழிஞ்சிடும்."

நான் மெதுவாகத் திரும்பி மாப்பிள்ளையைப் பார்த்தேன். காதில் விழுந்ததா இல்லையா? அவர் மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஃபேன் ஆடுது பாருங்க மச்சான். ஒரு ஸ்குரூ டைட் பண்ணா போதும். ஏணி இருந்தா நானே..."

கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனேன்.

புறப்படும்போது மேனேஜர் சொன்னார்: "அடுத்த மாசக் கல்யாணத்துக்கும் கேக் உங்களுதுதாம்மா. ஆனா அந்த வண்டி மறுபடியும் என் வாசலுக்கு வரக் கூடாது. வாடகை வண்டியில கொண்டாங்க, இல்ல அதைச் சரி பண்ணிட்டு வாங்க."

வீடு வரும்வரை பறக்கும் முனையை நான் முன் ஜன்னல் வழியாக ஒரு கயிற்றால் கட்டிப் பிடித்து வந்தேன். வீட்டுக்குள் நுழைந்து கதவை ஒரு இடி இடித்துச் சாத்தியதும்தான் அவள் வாய் திறந்தது.

"வண்டி பூரா கேக்கு கேக்குன்னு எழுதி ஒட்டினீங்களே, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணுச்சா?"

"நீ வேலையா இருந்தே. உனக்கு எதுக்குத் தொந்தரவுன்னு..."

"எனக்காகத்தான் எல்லாம் செய்றீங்க. என்னைத் தவிர மத்த எல்லாரையும் கேக்கறீங்க. வீடியோல வந்த ஊமையைக் கேக்கறீங்க. எங்கண்ணனைக் கயிறு பிடிக்க வைக்கிறீங்க. நான் இந்த வீட்டுக்குள்ளதானே இருக்கேன்?"

மாப்பிள்ளை உட்கார்ந்தார். உட்காரக் கூடாத நாற்காலியிலேயே உட்கார்ந்தார். அது ஒரு பக்கம் சாய்ந்தது. அவரும் அதனோடு சாய்ந்தபடியே இருந்தார். "வண்டியைப் பளபளன்னு பண்ணி உனக்குக் கொடுக்கணும்னுதான் நினைச்சேன்" என்றார்.

பொய் இல்லை. இந்த இனத்தாரோடு வாழ்வதில் பெரிய சங்கடமே அதுதான். கெட்ட மனிதராக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். இவர்கள் ஆசையோடு அல்லவா கெடுக்கிறார்கள்!

மறுநாள் தங்கை என்னைக் கூட்டிக்கொண்டு ஸ்டிக்கர்காரரிடம் போனாள். "அடுத்த மாசக் கல்யாணத்துக்குள்ள நீங்களே ஒட்டிக் கொடுத்துடுங்க" என்றாள். அவர் மேசைக்கு அடியிலிருந்து வலது கையை எடுத்துக் காட்டினார். மணிக்கட்டு வரைக்கும் கட்டு.

"என்னாச்சு?"

"வீட்ல கதவுத் தாழ்ப்பாள் இறுகிப்போச்சும்மா" என்றார். பார்வை தரைக்குப் போனது. "தச்சரைக் கூப்பிடுன்னு சம்சாரம் சொன்னா. தாழ்ப்பாளுக்கு எதுக்குத் தச்சர்னு நானே சுத்தியலை எடுத்தேன்."

நான் இருமினேன்.

"ரிவிட் வண்டியெல்லாம் நான்தான் ஒட்டுவேன். கடைப் பசங்களுக்குத் தட்டையான கண்ணாடி ஒட்டத்தான் வரும். கட்டுப் பிரிக்கக் கல்யாணத் தேதி தாண்டிடும்."

"எப்படி ஒட்டுவீங்க? சொல்லுங்க" என்றாள் தங்கை.

"முதல்ல சுத்தமா எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கணும். இழுக்காம மேலாப்புல சாத்தணும். ரிவிட்டுக்குப் பக்கத்துல ஊசியால குத்திக் காத்தை விடணும். அப்புறம் சூடு காட்டி, சுத்திச் சுத்தி..."

"கடைசியாத்தான் மேல வரணும்" என்று முடித்தாள் அவள். என் பக்கம் திரும்பினாள். "இது கேக்குதான் அண்ணே!"

புதுச் சுருளும், சூடான காற்று ஊதும் துப்பாக்கியும், பஞ்சு வைத்த குட்டி உருளை ஒன்றும் அவர் கொடுத்தார். ஹேர் டிரையர் போய்ச் சேர்ந்ததைக் கேட்டுத் துக்கமும் விசாரித்தார்.

அடுத்த விடுமுறை நாளில் அதே கட்டட வாசல். பழைய ஸ்டிக்கரை உரித்து, வண்டியை அவளே தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். மாப்பிள்ளை படியில் உட்கார்ந்திருந்தார். சட்டைக் கை தானாகச் சுருண்டு மேலே ஏறுவதும், அவர் அதைக் கீழே இறக்கிவிடுவதுமாக இருந்தது. தங்கை ஸ்டிக்கரின் ஒரு முனையை எடுத்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"என்னங்க, சும்மா இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க."

அவர் வாழ்க்கையில் அந்த வாக்கியத்தைச் சொல்லித்தான் பழக்கம். கேட்டுப் பழக்கம் இல்லை. எழுந்து வந்து பிடித்தார். பிடித்துக்கொண்டு சும்மா நிற்பது எவ்வளவு பெரிய தவம் என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

"இந்தப் பக்கம் லேசா ஒரு இழுப்பு..."

"இழுக்காதீங்க."

"இல்ல, நடுவுல கொஞ்சம் அமுக்கினா..."

"அமுக்காதீங்க."

"அப்ப நான் என்னதான் பண்ணட்டும்?"

"பாருங்க."

பார்த்தார். அவள் துப்பாக்கியை அசைத்து அசைத்துச் சூடு காட்டினாள். கூடாரமாக நின்ற ஸ்டிக்கர் இளகித் தொய்ந்தது. ஊசியால் ஒரு குத்து. உருளையை ரிவிட்டைச் சுற்றி மெதுவாக ஒரு வட்டம், அதைவிடச் சின்னதாக இன்னொரு வட்டம். ரிவிட் தலை ஸ்டிக்கருக்குள் முத்தாக எழும்பி நின்றது. அடுத்த ரிவிட். மறுபடியும் அதேதான். அதற்கு அடுத்தது. மறுபடியும் அதேதான். எந்தப் பகுதியை அவர் தள்ளிவிட்டுப் பார்த்தாரோ, அந்தப் பகுதி முழுவதையும் இப்போது நின்று பார்த்தாக வேண்டும். தள்ளிவிட வழியில்லை.

வரிசை பாதி ஆனபோது அவர் வாயிலிருந்து யோசனை வருவது நின்றுபோயிருந்ததைக் கவனித்தேன். அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் எப்போ கத்துக்கிட்டே?" என்று மெதுவாகக் கேட்டார்.

"தினமும் சமையலறையில இதைத்தானே செய்றேன். குறுக்கும் நெடுக்கும் போய்க்கிட்டுத்தானே இருக்கீங்க?"

வெயில் தன் பக்கம் திரும்பியும் அவர் நகரவில்லை. கடைசி வரிசைக்கு வந்ததும் தங்கை உருளையை அவரிடம் நீட்டினாள். பின்சக்கரத்துக்குப் பின்னால், மண்காப்புத் தகட்டுக்கு அடியில், யார் கண்ணுக்கும் படாத ஒரு ரிவிட்டைக் காட்டினாள். மாப்பிள்ளை தரையில் மல்லாக்கப் படுத்து, மூச்சை அடக்கி, சூடு காட்டி, குத்தி, சுற்றிச் சுற்றி, ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டு, அந்த ஒன்றைச் செய்து முடித்தார். கிழியவில்லை.

அடுத்த மாதக் கல்யாணத்தில் வண்டி மண்டபத்து வாசலிலேயே நின்றது. மேனேஜர் தன் கையால் தடவிப் பார்த்துவிட்டு, மழை வந்தால் நனையாத இடமாகப் பார்த்து நிறுத்தச் சொன்னார். 'ண' உயிரோடு இருந்தது. வண்டியைப் பார்த்துவிட்டு வந்த ஆர்டர்களால் தங்கைக்கு இப்போது மூச்சு விட நேரமில்லை.

மாப்பிள்ளை? வண்டியைப் பார்த்து யாராவது நின்றால் போதும், படியிலிருந்து இறங்கி ஓடி வருவார்.

"யாருங்க ஒட்டினது? ரொம்ப நல்லா இருக்கே!"

"யாரு ஒட்டணும்? நாங்களே ஒட்டினோம்."

சொல்வதோடு விடுகிறாரா? அவர்களைப் பின்சக்கரத்துக்கு அழைத்துப் போய், குத்துக்கால் வைத்து உட்கார வைத்து, செல்போன் விளக்கைப் போட்டு, "தெரியுதா? அதோ, அது" என்று அந்த ஒரே ஒரு ரிவிட்டைக் காட்டுகிறார். இடுப்பு பிடித்துக்கொண்டவர்களும் உண்டு. எனக்கு ஒருநாள் பொறுக்கவில்லை. தங்கையிடம் போய்ப் புகார் சொன்னேன். அவள் சர்க்கரை மாவைத் தேய்த்துக்கொண்டே சிரித்தாள்.

"விடுண்ணே. 'நான்'னு சொல்லிக்கிட்டிருந்த மனுஷன், இப்ப 'நாங்க'ன்னு சொல்றாரு. அதுவே எவ்வளவு பெரிய விஷயம்!"

வாசகரே, இதையெல்லாம் நீங்கள் சிரித்துக்கொண்டே படித்திருப்பீர்கள். "எங்க சித்தப்பா இப்படித்தான்", "எதிர் வீட்டுக்காரர் இப்படித்தான்" என்று இரண்டு மூன்று பேரை மனத்துக்குள் நிறுத்தியும் பார்த்திருப்பீர்கள். நல்லது. ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். ஸ்டிக்கர் கிழிந்த கட்டத்தைப் படித்தபோது, சோப்புத் தண்ணீர் தெளித்திருக்கலாமே, வெந்நீர்ப் பை வைத்து ஒத்தடம் கொடுத்திருக்கலாமே, நானாயிருந்தால் ரிவிட் தலையையே சீவியிருப்பேனே என்று உள்ளுக்குள் ஏதாவது ஓடியதா? ஓடியது என்றால், உங்களுக்கு நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. எழுந்து போய்க் கண்ணாடியில் ஒருமுறை முகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் கண்ணாடியைச் சுவரில் மாட்டியது நீங்கள்தான் என்றால், தயவுசெய்து கொஞ்சம் தள்ளி நின்றே பாருங்கள்.